எண்ணப்படாத காய்ச்சல்

தமிழிலே எண்ணுதல் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கணக்கிடுதல் ஒன்று, நினைத்தல் மற்றொன்று. ஓர் அரசாங்கம் தன் குடிமக்களை எவ்வாறு கணக்கிடுகின்றதோ அவ்வாறே அவர்களைப் பற்றி நினைக்கவும் செய்கின்றது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே தோன்றும் தொற்றுநோய்களை இந்நாட்டுச் சுகாதாரப் பகுதி எவ்வாறு கணக்கெடுக்கின்றது என்பதே இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். 'இது வைத்தியர்களும் புள்ளிவிபரக்காரர்களும் பேசவேண்டிய காரியம். அரசியற் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை?' என்று கேட்பவர்களும் இருப்பார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் ஒரு பெருங்கூட்டம் நாட்டின் கணக்கிலிருந்தே வெளியே தள்ளப்பட்ட மண் இது. கணக்கில் சேராதவனுக்கு என்ன கதி நேரும் என்பதை மலைநாடு அறிந்த அளவுக்கு வேறெவர் அறிவர்? ஆகவே இக்கேள்வியை அரசியற் பத்திரிகை கேளாமல் வேறு யார் கேட்பது?

தோட்டத்தில் கணக்கே இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. காலையிலே பெரட்டுக்களத்தில் ஆட்கணக்கு. மலையிலே கொழுந்துக் கணக்கு. கூடையின் எடை போக, நீரின் எடை போக, எஞ்சிய கொழுந்து இத்தனை கிலோ என்று நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை நிறுவை. மாலையிலே செக்றோலில் முழுப்பேரா அரைப்பேரா என்ற கணக்கு. மாத முடிவில் அரிசிக்கும் மாவுக்கும், கடனுக்கும் கோயிலுக்கும் பிடித்த கணக்கு. ஆனால், கீழ்ப்பிரிவு லயத்தில் இந்த வாரம் எத்தனை காம்பராவில் காய்ச்சல், எத்தனை பிள்ளைகளுக்கு வயிற்றுளைவு என்று கேட்டுப் பாருங்கள். துரைமார் பங்களாவிலும் விடை இல்லை. தோட்டக் காரியாலயத்திலும் விடை இல்லை. மருந்துச்சாலையில் ஒரு புத்தகம் இருக்கக்கூடும். அப்புத்தகம் தோட்டத்து எல்லையைத் தாண்டுவது அரிது. தேயிலைக் கொழுந்து எண்ணப்படுகின்றது. அதைப் பறித்த கையின் சூடு எண்ணப்படுவதில்லை.

யாருக்காக எண்ணினார்கள்?

தோட்டத் தொழிலாளரின் நோயைக் கணக்கெடுக்கும் வழக்கம் இந்நாட்டிலே புதியதன்று. தென்னிந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்த காலத்தில், மண்டபம் முகாமிலே நிறுத்திப் பரிசோதித்தார்கள். ஆளுக்கொரு தகரச் சீட்டு இலக்கம் கொடுத்தார்கள். பேதியும் அம்மையும் இத்தீவுக்குள் புகுந்துவிடலாகாதே என்ற அச்சமே அங்கு ஆட்சி செய்தது. 1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. 1912இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் ஸ்தாபனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தோட்டங்களிலேயே தொடங்கினார்கள். புழு தின்ற உடம்பு வேலைக்கு ஆகாது என்பதைத் தோட்டக்காரரும் உணர்ந்திருந்தார்கள்.

இவற்றால் நன்மை விளையவில்லை என்று நாம் கூற வரவில்லை. பல உயிர்கள் பிழைத்தன. ஆனால், அக்கணக்கின் நோக்கத்தை மறந்துவிடலாகாது. ஊருக்குள் நோய் வராமற் காப்பதற்கும், தோட்டத்தில் வேலை குறையாமற் காப்பதற்குமே தொழிலாளி எண்ணப்பட்டான். அவன் குடிக்கும் தண்ணீரை அவனுக்காகத் திருத்துவதற்கு எண்ணப்படவில்லை. அந்த நோக்கம் மாறவேண்டும். தொழிலாளியின் நோய் தொழிலாளிக்காகவே எண்ணப்படவேண்டும். நாம் கேட்பது இது ஒன்றே.

சட்டம் என்ன சொல்கின்றது?

1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தொற்றுக்காப்பு, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கின்றது. அதன்கீழ் அமைந்த விதிகள், அறிவிக்கப்படவேண்டிய நோய்கள் என்று ஒரு பட்டியலை வகுத்துள்ளன. கொலராவும் பிளேக்கும் அதில் உண்டு. நெருப்புக் காய்ச்சல், வயிற்றுளைவு, செங்கண்மாரி, எலிக்காய்ச்சல், டைபஸ் காய்ச்சல், டெங்கு, சயரோகம் ஆகியனவும் உண்டு. இவற்றோடு, ஏழு நாளும் அதற்கு மேலும் நீடிக்கின்ற சாதாரண காய்ச்சலும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. வாசகர்கள் இதைக் கவனிக்கவேண்டும். என்ன நோய் என்று கண்டறிய ஆய்வுகூடம் வேண்டாம். இரத்தப் பரிசோதனை வேண்டாம். ஏழு நாள் எண்ணத் தெரிந்தால் போதும்.

அறிவிக்கும் கடமை யாருடையது? பதிவு பெற்ற வைத்தியர்களுடையது மட்டுமன்று. நோய்க்குச் சிகிச்சை செய்வதாகக் கூறிக்கொண்டு நோயாளியைப் பார்க்கும் எவருக்கும் அக்கடமை உண்டு. சந்தேகம் எழுந்த மாத்திரத்திலேயே அவர் அப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். சட்டம் படித்தவர்கள் என்ற முறையிலே இவ்வாசகத்தை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். தோட்டத்து மருந்துச்சாலையில் இருக்கும் வைத்திய உதவியாளர் நோய்க்கு மருந்து கொடுப்பவர் அல்லரோ? கொடுப்பவரே. ஆகவே அவரும் அறிவிக்கக் கடமைப்பட்டவரே. கம்பனியிடம் சம்பளம் பெறுகிறார் என்பதனால் அவர் நாட்டின் சட்டத்துக்கு அப்பாற்பட்டவர் ஆகிவிடமாட்டார்.

அறிவித்தல் எந்த வழியாகப் போகின்றது என்பதையும் சொல்லிவிடுவோம். வைத்தியசாலையில் எச். 544 என்னும் பத்திரம் நிரப்பப்படும். அது நோயாளி குடியிருக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குச் செல்லும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நோயாளியின் வீட்டுக்குச் சென்று, நோய் எங்கிருந்து வந்தது, வீட்டில் வேறு யாருக்கு உண்டு என்று விசாரித்து எச். 411 பத்திரத்தில் எழுதுவார். உறுதியானவை வாரந்தோறும் எச். 399 பத்திரத்தின் மூலம் கொழும்பிலுள்ள தொற்றுநோயியற் பிரிவுக்குச் சேரும். அப்பிரிவு அவற்றைத் தொகுத்து வாராந்த அறிக்கையாக வெளியிடும். ஆசியாவிலே பல நாடுகள் பொறாமைப்படத்தக்க ஏற்பாடு இது. 1926இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்ட நாள் முதல் படிப்படியாகக் கட்டியெழுப்பப்பட்டது. இதை நாம் குறைத்துப் பேசவில்லை. நல்ல சங்கிலி, ஆனால் மலையேறும்போது அதன் கண்ணிகள் கழன்று விழுகின்றன.

கழன்று விழும் கண்ணிகள்

ஓர் உதாரணம் கொள்வோம். டிக்கோயாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் காண்கின்றது. முதல்நாள் மருந்துச்சாலையில் பனடோல் வாங்குகின்றாள். மூன்றாம் நாள் சற்றுக் குறைந்தாற்போல் தோன்ற, பேர் போய்விடுமே என்று மலைக்குப் போகின்றாள். வேலைக்கு வராத நாளுக்குப் பேர் இல்லை. பேர் இல்லாத நாளுக்குச் சோறும் இல்லை. எட்டாம் நாள் நடக்க முடியாமற் போகவே முச்சக்கர வண்டியில் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கின்றார்கள். அங்கே நல்ல வைத்தியர்கள் உண்டு. இந்திய அரசாங்கத்தின் உதவியோடு கட்டி 2017இல் திறக்கப்பட்ட புதிய கட்டிடமும் உண்டு. நெருப்புக் காய்ச்சல் என்ற சந்தேகத்தின்மேல் பத்திரம் நிரப்பப்படுகின்றது. 'விலாசம்?' என்று கேட்கின்றார்கள். 'மேற்பிரிவு' என்று தோட்டத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்கின்றாள்.

அந்த விலாசத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. லயத்துக்கு இலக்கம் இல்லை. இருந்தாலும் அது தோட்டத்துக் கணக்குக்கு உரிய இலக்கமேயன்றித் தபாற்காரரோ பரிசோதகரோ அறிந்த இலக்கமன்று. நமது மக்களுக்குக் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே வந்து சேர்வதும், சில வேளைகளில் சேராமற் போவதும் எல்லோரும் அறிந்த பழைய குறை. அது தபாற் குறை மட்டுமன்று. சுகாதாரக் குறையும் ஆகும் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? பல தோட்டங்களைப் பார்க்கவேண்டிய பரிசோதகர் ஒருவர், அரைகுறை விலாசத்தை வைத்துக்கொண்டு, தமிழ் பேசவும் இயலாதவராயின், எந்தக் காம்பராவைத் தட்டுவார்? யாரிடம் என்ன கேட்பார்?

நெருப்புக் காய்ச்சலின் கிருமி மலத்திலிருந்து தண்ணீர் வழியாகவும் உணவு வழியாகவும் வாய்க்குள் புகுவது. உடம்பினுள் புகுந்து ஒன்று முதல் மூன்று வாரம் சென்றபின்னரே பெரும்பாலும் காய்ச்சல் தெரியும். அந்தப் பெண் படுக்கையில் விழுந்த நாளிலே, அதே பீலியில் தண்ணீர் பிடித்த பலர் கிருமியை ஏலவே குடித்திருக்கக்கூடும். மலைச்சரிவிலே மேலே ஒரு லயம், அதன் மலசலகூடம், கீழே ஊற்று, ஊற்றிலிருந்து குழாய், குழாயின் முடிவிலே அடுத்த லயத்தின் தொட்டி. இதுவே பல தோட்டங்களில் நாம் காணும் அமைப்பு. எந்தக் காம்பரா எந்த ஊற்றைக் குடிக்கின்றது என்பது தெரிந்தால், குளோரின் எங்கே இடவேண்டும், குழாயை எங்கே மாற்றவேண்டும் என்பதும் தெரிந்துவிடும். தெரியாவிட்டால், நோயாளியைக் குணப்படுத்தி அதே தண்ணீரைக் குடிக்க அனுப்புகின்றோம்.

இலண்டன் மாநகரிலே 1854இல் கொலரா பரவியபோது ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் செய்த காரியத்தை உலகமெல்லாம் இன்றும் போற்றுகின்றது. இறந்தவர்களின் பதிவை எடுத்து, அவரவர் வீடு எது என்று படத்திலே குறித்தார். பிராட் வீதியிலிருந்த ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றியே மரணங்கள் நெருங்கி நிற்பது புலப்பட்டது. அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. கிருமியை அவர் கண்டாரில்லை. அவரிடம் கணினியும் இருந்ததில்லை. இறந்தவருக்கு ஒரு விலாசம் இருந்தது, அவ்வளவே. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் இலண்டன் ஏழைக்குக் கிடைத்த அந்த விலாசம் மலைநாட்டு லயத்துக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

இனி, கொழும்புக்குச் செல்லும் கணக்கைப் பார்ப்போம். வாராந்த அறிக்கையிலே நோய்கள் மாவட்ட வாரியாக அச்சிடப்படுகின்றன. நுவரெலியா என்று ஒரு வரி. அந்த ஒரு வரியிலே நுவரெலியா நகரத்து விடுதிக்காரரும், வலப்பனை விவசாயியும், ஹங்குராங்கெத்தைக் கிராமத்தவரும், பொகவந்தலாவை, மஸ்கெலியா, அக்கரப்பத்தனை லயத்துப் பிள்ளையும் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றனர். டைபஸ் காய்ச்சல் அதிகமாகப் பதிவாகும் மாவட்டங்களில் நுவரெலியாவும் ஒன்று என்பது தெரிகின்றது. அது தேயிலைக் காட்டிலா, மரக்கறித் தோட்டத்திலா என்பது அட்டவணையில் தெரிவதில்லை.

அதே அட்டவணையின் ஓரத்தில், அறிக்கை உரிய நேரத்தில் வந்ததா, முழுமையாக வந்ததா என்று காட்டும் இரண்டு விகிதங்களும் உண்டு. நூற்றுக்கு நூறு என்ற எண்ணைக் கண்டு மகிழ்பவர்கள் ஒன்றை உணரவேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயங்கள் யாவும் பத்திரம் அனுப்பின என்பதே அதன் பொருள். நோயாளிகள் யாவரும் அப்பத்திரத்தில் இருக்கின்றார்கள் என்பதன்று. மருந்துச்சாலை வாய் திறவாதபோதும் காரியாலயத்துக்கு நூறு புள்ளி கிடைக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு.

எண்ணினால் என்ன ஆகும்?

'எண்ணுவதனால் நோய் தீர்ந்துவிடுமா?' என்று கேட்கலாம். இந்நாட்டின் மலேரியா வரலாறே விடை சொல்லும். 1934-35இல் பரவிய மலேரியா இத்தீவிலே ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. பின்னர் மருந்து தெளித்தும் நோயாளியைத் தேடியும் போராடியதன் பயனாக 1963ஆம் ஆண்டு முழுவதிலும் 17 பேருக்கே அந்நோய் காணப்பட்டது. வென்றுவிட்டோம் என்று தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பு தளர்ந்தது. 1969இல் நோயாளிகளின் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. ஆறே ஆண்டுகளில் பதினேழு ஐந்து இலட்சமாயிற்று! பின்னர் பல ஆண்டு உழைப்பின் பின், காய்ச்சற்காரர் ஒவ்வொருவரையும் வீடுவரை பின்தொடர்ந்து விசாரிக்கும் முறை உறுதியாக நிலைநாட்டப்பட்டது. 2012 ஒக்டோபருக்குப் பின் 2016வரை உள்நாட்டில் தொற்றிய மலேரியா ஒன்றும் பதிவாகவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இந்நாட்டுக்கு எண்ணத் தெரியும். வேண்டுமென்று நினைத்தால் கடைசி நோயாளிவரை எண்ணத் தெரியும்.

கணினி வித்தையிலும் நம் நாட்டார் பின்தங்கியவர்கள் அல்லர். 2020 ஜனவரியில், கொரோனா உலகைச் சூழத் தொடங்கியபோது, வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கண்காணிப்பதற்கு டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் மென்பொருளின்மேல் இலங்கை நிபுணர்கள் ஓர் ஏற்பாட்டைச் சில நாட்களில் அமைத்தார்கள். அதைப் பின்பற்றிப் பல நாடுகள் தத்தமக்கு அமைத்துக்கொண்டன. ஆனால் அதே ஆண்டு ஒக்டோபரில், பேலியகொடை மீன்சந்தையில் எழுந்த தொற்று மலைநாட்டு நகரங்களையும் எட்டியபோது என்ன கண்டோம்? கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் உழைத்துவந்த நம் இளைஞர்கள் ஊர் திரும்பினார்கள். யார் எந்த லயத்துக்குத் திரும்பினார் என்பதை அறிய, தோட்டத் தலைவர்களின் வாய்மொழியையே நம்பவேண்டியிருந்தது. விமான நிலையத்தின் வாசலிலே கணினி. லயத்தின் வாசலிலே காதும் வாயும்.

பெரிய இயந்திரம் இன்றியும் இக்காரியம் ஆகும் என்பதற்குச் சான்று வேண்டுமாயின் பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டு வட ஆர்க்காடு மாவட்டத்தைப் பார்க்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வைத்தியர் ஜேக்கப் ஜானும் அவரது தோழர்களும் 1980களில் அங்கே ஒரு முறையைத் தொடங்கினார்கள். மாவட்டத்திலுள்ள வைத்தியர்களின் கையிலே விலாசமும் முத்திரையும் இட்ட அஞ்சலட்டைகளைக் கொடுத்தார்கள். குறித்த நோய்களைக் கண்டால் அட்டையில் எழுதித் தபாலில் சேர்த்தால் போதும். நோய் தலைகாட்டும் இடத்துக்கு மாவட்டச் சுகாதார அதிகாரிகள் செல்வார்கள். எழுதியவர்களுக்கு மாதந்தோறும் ஒரு செய்தித்தாள் திரும்பி வரும். அவர்கள் எழுதியதனால் என்ன தெரியவந்தது, என்ன செய்யப்பட்டது என்பது அதில் இருக்கும். அம்முறையின் உயிர் அந்தத் திரும்பி வந்த தாளிலேயே இருந்தது என்பது நமது எண்ணம். கொடுத்த கணக்குக்குப் பதில் கிடைத்தால் மனிதன் மீண்டும் கணக்குக் கொடுப்பான். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால் எத்தனை நாளைக்குக் கொடுப்பான்?

மறுப்புரைகள்

கம்பனியார் சொல்லக்கூடியது நமக்குத் தெரியும். 'நோய்த் தடுப்பு அரசாங்கத்தின் வேலை.' அரசாங்கத்தார் சொல்லக்கூடியதும் தெரியும். 'தோட்டம் கம்பனியின் பொறுப்பு.' 1992இல் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்ற பின்னர், இவ்விருவருக்கும் இடையே தொழிலாளியின் உடம்பு பந்தாடப்படுகின்றது. தொண்ணூறுகளிலிருந்து சில தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஏனையவை பழையபடியே நின்றன. இந்த எல்லைத் தகராறு நமக்குப் புதியதன்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் போடவும் முடியாது என்று முப்பது ஆண்டுகள் சொல்லி வந்தார்களே! அப்பிரிவு 2018இல் திருத்தப்பட்டபோது வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. பாதை விஷயத்தில் நீங்கிய எல்லைக்கோடு நோய் விஷயத்தில் மட்டும் ஏன் நிற்கவேண்டும்? கிருமிக்குக் கம்பனி வேலி தெரியாது. தோட்டத்து ஓடை மகாவலியிலும் களனியிலும் கலந்து கீழ்நாட்டுக்கே போகின்றது.

'தோட்ட மக்களின் நோயைத் தனியாகக் காட்டினால் இவர்கள் நோயாளிக் கூட்டம் என்ற அவப்பெயர் வராதா?' என்று நம்மவர்களே அஞ்சுவதும் உண்டு. அந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் ஓர் உண்மையைச் சிந்தியுங்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வு நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்து எண்ணியது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதற்கும் 17 விழுக்காடு; தோட்டப் பகுதியில் 32 விழுக்காடு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை! பிரித்து எண்ணியதனால் அல்லவா இந்த அநீதி பாராளுமன்றத்திலும் வெளியிலும் பேசப்பட்டது? சேர்த்து எண்ணியிருந்தால் 17 என்ற எண்ணுக்குள் நம் பிள்ளைகள் மறைந்தே போயிருப்பார்கள். தோட்டம் என்னும் பிரிவைத் தொகைமதிப்புத் திணைக்களம் வெகுகாலமாகக் கையாண்டு வருகின்றது. 20 ஏக்கருக்கு மேற்பட்டு, 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் குடியிருக்கும் பெருந்தோட்டம் என்று இலக்கணமும் வகுத்து வைத்திருக்கின்றது. அதே இலக்கணத்தைத் தொற்றுநோய் அறிக்கையிலும் பயன்படுத்தத் தடை என்ன?

அவப்பெயருக்கு மருந்து வேறு. ஆளின் பெயரை மறைக்கவேண்டும். இடத்தின் கணக்கை மறைக்கலாகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடு இயற்றியிருக்கின்றது. சுகாதார விபரங்கள் விசேட பாதுகாப்புக்குரியவை. சயரோகக்காரரின் பெயர் தோட்டக் காரியாலயத்து மேசையில் கிடக்கலாகாது. கணக்கப்பிள்ளையின் வாய்க்குப் போகலாகாது. காய்ச்சல் என்று சொன்னால் பேர் போகும், வீடு வீடாக வதந்தி போகும் என்ற பயம் இருக்கும்வரை, எவ்வளவு விலையுயர்ந்த கணினியை வைத்தாலும் உண்மை அதற்குள் ஏறாது.

நாம் கேட்பவை

எனவே நமது கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கின்றோம். முதலாவது, ஒவ்வொரு தோட்ட மருந்துச்சாலையும் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நோய் அறிவிக்கும் நிலையம் என்று சுகாதார அமைச்சு சுற்றுநிருபம் ஒன்றினால் வெளிப்படையாகக் கூறவேண்டும். பத்திரத்தையும் தொலைபேசி வசதியையும் பயிற்சியையும் வழங்கவேண்டும். புதிய சட்டம் தேவையில்லை. உள்ள சட்டத்தைத் தோட்டத்து வாசலுக்குள் நடத்திச் செல்லும் மனமே தேவை.

இரண்டாவது, ஒவ்வொரு லயக் காம்பராவுக்கும் ஓர் இலக்கமும் ஒரு விலாசமும் வேண்டும். அந்த இலக்கத்தோடு, அக்காம்பரா குடிக்கும் ஊற்றின் பெயரும் ஒரு படத்திலே குறிக்கப்படவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசி, நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் சரிவுகள் பெயர்ந்து, நாட்டில் 600க்கு மேற்பட்டோர் மாண்ட துயரத்தை நாம் மறக்கவில்லை. லயத்தை விட்டுப் பாடசாலையிலும் கோயிலிலும் மக்கள் ஒதுங்கும் நாட்களிலே, யார் எங்கிருந்து வந்தார், எந்த ஊற்று உடைந்தது என்பதை அறியும் ஏடு எவ்வளவு தேவை என்று நாம் விளக்கவேண்டியதில்லை.

மூன்றாவது, வாராந்த அறிக்கையிலே மாவட்ட வரிக்குக் கீழே தோட்டப் பகுதிக்கென்று தனி வரி வேண்டும். நான்காவது, அனுப்பிய கணக்கு தமிழிலே திரும்பி வரவேண்டும். மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாள் மருந்துச்சாலைக்கு வரட்டும். பெரட்டுக்களத்தின் பலகையிலும் ஒட்டப்படட்டும். எந்த ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கவேண்டும் என்பதை முதலில் அறியவேண்டியவள் அதைச் சுமந்து வரும் தாய் அல்லவா? ஐந்தாவது, தோட்டங்கள் நிறைந்த பகுதிகளுக்குத் தமிழ் பேசும் பரிசோதகர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் நியமிக்கப்படவேண்டும். மலையக இளைஞரையும் யுவதிகளையும் இப்பணிக்குப் பயிற்றவேண்டும். ஆறாவது, அறிவிக்கப்படவேண்டிய நோயினால் வைத்தியர் ஓய்வு கூறிய நாளுக்குப் பேர் போடப்படவேண்டும். நோயை மறைப்பதற்குக் கூலி கொடுத்துவிட்டு நோயைக் கணக்கெடுக்க முயல்வது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

இவற்றில் எதற்கும் மலைபோன்ற பணம் தேவையில்லை. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை அம்பகமுவை என்ற ஒரே பிரதேசத்துள் அடைத்து வைத்திருந்த நிலையை மாற்றி, நோர்வூட், மஸ்கெலியா என்று தனிப் பிரதேச சபைகளைப் பெற்றோம். அது தானாக வந்ததன்று, கேட்டுப் பெற்றது. 2003இல் எஞ்சியோரின் பிரஜாவுரிமையும் அவ்வாறே பெறப்பட்டது. இதையும் கேட்டே பெறவேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கு நாம் இறுதியாகச் சொல்வது இது. சம்பளப் பேச்சுக்கு உட்காரும்போது கிலோக் கணக்கை வைத்து வாதாடுகின்றீர்கள், நன்று. அதே மேசையில் காய்ச்சற் கணக்கையும் வையுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கின்றது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்குச் சென்று, சென்ற ஆண்டிலே நம் தோட்டத்திலிருந்து எத்தனை நோயாளிகள் அறிவிக்கப்பட்டார்கள், எத்தனை வீடுகளுக்குப் பரிசோதகர் வந்தார், எந்த ஊற்றின் நீர் சோதிக்கப்பட்டது என்று எழுத்திலே கேளுங்கள். விடை வந்தால் அதைக் கொண்டு கம்பனியைக் கேளுங்கள். 'விபரம் இல்லை' என்று விடை வந்தால், அந்த விடையைக் கொண்டு அரசாங்கத்தைக் கேளுங்கள். இரண்டில் எது வந்தாலும் அது உங்களுக்கு ஆயுதமே.